முன்சக்கரத்துச் சத்தம்

காரில் ஒரு சத்தம் வந்தது. மெதுவாகப் போனால் கேட்காது. வேகம் கொஞ்சம் ஏறியதும் முன்பக்கத்திலிருந்து ஒரு முனகல் தொடங்கும். போகப் போக அது பெருத்து, பெரிய சாலையில் ஏறிவிட்டால் பக்கத்தில் இருப்பவரிடம் பேசத் தொண்டையைக் கிழித்துக்கொள்ள வேண்டும். அண்ணன் அதைக் கேட்டபோதெல்லாம் பல்லைக் கடித்தார். காரை அவருக்கு விற்றது அவருடைய சொந்தத் தம்பி.

தம்பி ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருந்தான். வண்டியில் எது கெட்டாலும் தானே கழற்றி மாட்டிப் பழகியவன். வீட்டுக்குப் பக்கத்திலேயே வேலை மாற்றலானதும் அவனுக்குக் கார் தேவைப்படவில்லை. வெளியாள் கைக்குப் போவதைவிட அண்ணனிடமே இருக்கட்டும் என்று நினைத்தான். அண்ணன் சொன்ன விலைக்கு மறுபேச்சுப் பேசாமல் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனான். கொடுத்த அன்று வண்டி பூனை போலத்தான் ஓடியது. முனகல் தொடங்கியது சில மாதம் கழித்து.

அண்ணனுக்குக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. விபத்து என்று வருகிற விண்ணப்பங்களில் எது நிஜம், எது ஜோடனை என்று பிரித்துப் பார்ப்பார். வருடக்கணக்காக அதையே செய்ததில், யார் எதைச் சொன்னாலும் முதலில் அதில் ஓட்டை எங்கே என்று தேடுகிற புத்தி வந்துவிட்டது. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவது போல அதையும் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குள் வர அவருக்குத் தெரியாது. செல்போனில் நாலைந்து வீடியோ பார்த்தார். சக்கரத்துக்கு நடுவில் இருக்கும் பேரிங் தேய்ந்துபோனால் இப்படித்தான் சத்தம் வரும் என்று எல்லாரும் சொன்னார்கள். பேரிங் ஒரு நாளில் தேய்வதில்லை. அப்படியென்றால் தம்பி விற்கும்போதே அது போயிருக்கிறது. அவனுக்குத் தெரிந்தும் இருக்கிறது. விண்ணப்பத்தின் மேல் முத்திரை குத்துவது போல மனசுக்குள் குத்திக்கொண்டார்.

அக்காவின் மகளுக்கு வேலை கிடைத்த சந்தோஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பாடு. குடும்பம் மொத்தமும் வந்திருந்தது. தம்பியும் மனைவி, மகளோடு வந்திருந்தான். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அக்காவின் கணவர் சும்மா பேச்சுக்குக் கேட்டார்.

"என்ன மாப்ள, வண்டி எப்படி ஓடுது?"

"வண்டியா அத்தான் அது? ஏரோப்ளேன். ஏறி உட்கார்ந்தா காது ரெண்டும் அடைச்சுக்குது. ஓட்டை வண்டியை நைசா என் தலையில கட்டிட்டான் உங்க சின்ன மச்சான்."

எல்லாரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். அங்கேயே விட்டிருக்கலாம். ஆனால் அந்தச் சிரிப்பு அண்ணனுக்குக் கொஞ்சம் போதை ஏற்றிவிட்டது.

"வெளியாள் வாங்கியிருந்தா சட்டையைப் பிடிச்சுக் கேட்டிருப்பான். அண்ணன்தானே, என்ன செஞ்சுடப் போறான்னு நெனச்சிட்டான். எங்க ஆபீஸ்ல இதுக்குப் பேரே வேற."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. தம்பியின் மனைவி தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த கையை அப்படியே நிறுத்தினாள்.

"நான் குடுக்கும்போது சத்தம் இல்லண்ணா" என்றான் தம்பி.

"மாட்டினவன் எல்லாம் அதைத்தான்டா சொல்றான்."

"அடுத்த லீவுக்கு வந்து நானே பேரிங்கை மாத்தித் தர்றேன்" என்றான் தம்பி, தட்டைப் பார்த்தபடி. அக்கா சட்டென்று வேறு பேச்சை எடுத்தாள். அண்ணன் தான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு இரண்டாவது முறை சோறு போட்டுக்கொண்டார்.

சொன்னபடியே தம்பி வந்தான். தோளில் கனமான கருவிப் பை, கையில் இரண்டு புதுப் பேரிங். அவனே வாங்கி வந்திருந்தான். வந்ததும் வராததுமாக அடுப்படிக்குப் போய் அவற்றை அண்ணியிடம் நீட்டினான்.

"அண்ணி, இதை ஃப்ரீசர்ல வெச்சிடுங்க."

"என்ன தம்பி இது, மீன் வைக்கிற இடத்துல இரும்பை வைக்கச் சொல்றீங்க?"

"குளிர்ல இத்துனூண்டு சுருங்கும். உள்ள ஏத்தும்போது முரண்டு பண்ணாது."

"உங்க அண்ணனையும் கொஞ்ச நேரம் உள்ள வெச்சுப் பாக்கலாமா?" என்றாள் அண்ணி. அவன் வாய்விட்டுச் சிரித்தான். வாசலில் நின்றிருந்த அண்ணன் அது காதில் விழாத மாதிரி ஜாக்கியை எடுக்கப் போனார்.

வேலை தொடங்கியது. சக்கரம் தரையில் இருக்கும்போதே நடு நட்டைத் தளர்த்த வேண்டும்; தூக்கிவிட்டால் சக்கரமும் கூடவே சுற்றும். தம்பி ஸ்பேனரின் கைப்பிடியில் நீளமான இரும்புக் குழாயைச் செருகி, அதன் முனையில் ஏறி நின்று குதித்தான். 'டங்'கென்று துப்பாக்கி வெடித்த மாதிரி நட் விட்டுக் கொடுத்தது. பிறகு ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் முட்டுக் கொடுத்தான். சக்கரத்தை உடனே கழற்றாமல், உள்ளே இருக்கும் ஸ்ப்ரிங்கின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு இன்னொரு கையால் சக்கரத்தைச் சுற்றிவிட்டான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

"பேரிங் போயிருந்தா இந்த ஸ்ப்ரிங்ல கை வெச்சாலே கரகரன்னு தெரியும்ணா. இது வெண்ணெய் மாதிரி சுத்துது."

"கையால சுத்துனா எப்படித் தெரியும்? வண்டிப் பாரம் ஏறணும்ல?" என்றார் அண்ணன். வீடியோவில் கேட்டது.

தம்பி உள்ளங்கையை டயரின் மேல் வைத்து ஒரு பக்கமாகத் தடவினான். பிறகு எதிர்ப் பக்கமாகத் தடவினான். நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தான்.

"இந்த டயர் ரெண்டும் எப்ப போட்டது?"

"உன்கிட்ட வாங்குன கொஞ்ச நாள்லயே. புத்தம் புதுசு."

புதுசு இல்லை. அலுவலகத்தில் கூட வேலை பார்ப்பவர் தன் காரிலிருந்து கழற்றி வைத்திருந்த டயர்கள் அவை. சும்மா கிடக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்; இவரும் எடுத்துக்கொண்டார். பழைய டயர் போட்டு ஓட்டுகிறோம் என்றால் மனைவி பயப்படுவாள் என்று வீட்டில் புதுசு என்று சொல்லி வைத்திருந்தார். அந்த மனைவி இப்போது ஜன்னலுக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள். அவளிடம் சொன்ன பொய்யை இவனிடம் எப்படி மாற்றிச் சொல்வது?

தம்பி டயரிலிருந்து கையை எடுத்தான். "சரிண்ணா. பேரிங்கையே மாத்திடுவோம்" என்றான்.

காலை முழுவதும் அவன் தரையில்தான் கிடந்தான். பிரேக்கைக் கழற்றி, அதன் பாரம் குழாயில் தொங்கிவிடாதபடி கம்பியால் மேலே கட்டினான். சக்கரத்தைத் தாங்குகிற கனத்த இரும்புப் பாகத்தை மொத்தமாக வெளியே எடுத்துப் பலகையின் மேல் வைத்தான். பழைய பேரிங் உடையாமல் வரவில்லை. அதன் உள்வளையம் மட்டும் பிடிவாதமாக, சக்கரம் மாட்டும் ஹப்பிலேயே ஒட்டிக்கொண்டது. அரைக்கும் மெஷினால் அதில் கீறல் போட்டு, உளியை வைத்து ஓங்கி ஓங்கி அடித்தான். ஒரு அடி வழுக்கியது. கைமுட்டியின் தோல் உரிந்து ரத்தம் கோடாக இறங்கியது. அண்ணி துணியோடு ஓடி வந்தாள். அவன் கையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு மறுபடி உளியை எடுத்தான்.

அண்ணன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். "வீடியோல அவன் வேற மாதிரி பண்ணான்டா" என்பார். கேட்கிற ஸ்பேனரை விட்டு வேறு ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பார். எதிர்வீட்டுக்காரர் செடிக்குத் தண்ணீர் ஊற்றியபடியே எட்டிப் பார்த்து, "என்ன சார், பெரிய ஆபரேஷன் போல?" என்று கேட்டார்.

"வித்தவனே வந்து ரிப்பேரும் பண்றான் சார். இந்தக் காலத்துல இப்படி ஒரு கேரண்டி யாரு தர்றா?" என்றார் அண்ணன், தெருவுக்கே கேட்கும்படி.

தம்பி தலையைத் தூக்கவில்லை.

ஃப்ரீசரிலிருந்து வந்த புதுப் பேரிங் பனி பூத்து வெள்ளையாக இருந்தது. நீளமான போல்ட்டும் கனத்த தகடுகளும் வைத்துத் திருகத் திருக, அது அரை விரல் அரை விரலாக உள்ளே இறங்கி உட்கார்ந்தது. வெளிவளையத்தில்தான் அழுத்த வேண்டும், உள்வளையத்தில் அழுத்தினால் புதுசும் பாழ் என்று தம்பி சொன்னான். அன்று அவன் தானாகப் பேசியது அவ்வளவுதான். அடுத்த பக்கத்தையும் முடித்து, எல்லாவற்றையும் பூட்டி, அவன் கை கழுவி வரும்போது வெயில் சாய்ந்திருந்தது. சோப்புப் போட்டும் நகக்கண்ணில் கருப்புப் போகவில்லை.

"வாங்கண்ணா, ஓட்டிப் பாத்துடலாம்."

அண்ணன் ஓட்டினார். தம்பி பக்கத்தில் உட்கார்ந்தான். தெருவைத் தாண்டும் வரை வண்டி சத்தமே போடவில்லை. "பாத்தியா?" என்றார் அண்ணன். பெரிய சாலையில் திரும்பி வேகம் எடுத்தார்.

அதே முனகல். அதே இடத்திலிருந்து, அதே குரலில்.

அண்ணனுக்குக் காலையில் டயரைத் தடவிய கை நினைவுக்கு வந்தது. ஒரு பக்கம், பிறகு எதிர்ப் பக்கம். ஓட்டையைக் கண்டுபிடிப்பதுதானே அவர் தொழில்? கண்டுபிடித்துவிட்டார். பக்கத்தில் தம்பி தன் முகத்தையே பார்ப்பது தெரிந்தது. திரும்பி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் கையை நீட்டி ரேடியோவைப் போட்டார். யாரோ எதையோ விளம்பரம் செய்தார்கள். சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினார்.

வீடு வந்து இறங்கும்போது தம்பிதான் பேசினான். "வேற ஏதாவது இருக்கும்ணா. பாப்போம்."

"பாப்போம்" என்றார் அவர். சாப்பிட்டுவிட்டுப் போ என்று சொல்லக்கூட வாய் வரவில்லை. கட்டுப் போட்ட கையில் பையைத் தூக்க முடியாமல் அதைத் தோள் மாற்றிக்கொண்டு தம்பி பஸ்ஸுக்கு நடந்தான்.

அவன் தெருமுனை திரும்பியதும் அண்ணன் முன்டயரின் அருகே குந்தி உட்கார்ந்தார். உள்ளங்கையை வைத்து ஒரு பக்கமாகத் தடவினார், வழவழவென்று போனது. எதிர்ப் பக்கமாகத் தடவினார். ரம்பத்தைத் தடவுவது போலப் பல் பல்லாகக் கையைப் பிடித்தது. தார்ச்சாலையில் இந்தப் பற்கள் ஒவ்வொன்றாக அடித்தால் முனகாமல் என்ன செய்யும்?

இருந்தும் அவர் இன்னொரு சாட்சி தேடினார். மறுநாள் காலையில் தனியாகவே மல்லுக்கட்டி, முன்சக்கரங்களைப் பின்னாலும் பின்சக்கரங்களை முன்னாலும் மாற்றிப் போட்டார். மனைவியைக் கூப்பிட்டுப் பின்சீட்டில் உட்கார வைத்துப் பெரிய சாலைக்கு ஓட்டிப் போனார்.

"என்னங்க, சத்தம் இப்ப எனக்குக் கீழேருந்துல்ல வருது!" என்றாள் அவள்.

அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். திரும்பிப் பார்க்காமல், முன்கண்ணாடியைப் பார்த்தபடியே டயரின் கதையைச் சொன்னார். புதுசு இல்லை என்று சொன்னார். சத்தம் டயருடையது, பேரிங்குடையது இல்லை என்று சொன்னார். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப அந்த மனுஷனுக்கு நேத்து கை கிழிஞ்சது எதுக்குங்க?" என்று மட்டும் கேட்டாள்.

அன்றைக்கே தம்பி வீட்டுக்குப் போனார். தம்பி வேலைக்குப் போயிருந்தான். கதவைத் திறந்தவள் தம்பியின் மனைவி. எப்போதும் "வாங்க மாமா" என்று வாய் நிறையச் சொல்பவள், இன்று "வாங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். அவர் உட்காரவில்லை. வாசலிலேயே செருப்போடு நின்றுகொண்டு, டயர்தான் காரணம், தம்பி மேல் தப்பில்லை என்று ஒப்பித்தார்.

"தெரியும் மாமா" என்றாள் அவள்.

"என்னம்மா தெரியும்?"

"டயர்தான்னு அவருக்கு நேத்து காலையிலயே தெரியும். வந்து சொன்னாரு. நீங்க ஆசையா போட்ட டயரு, சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னு விட்டுட்டாரு போல. அவரு குணம் அப்படி. நான் அப்படி இல்ல. பேரிங்கெல்லாம் வாங்கிட்டுப் போகாதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கேக்கல."

அவருக்குச் செருப்புக்குள் கால் விரல்கள் மடங்கின. தெரிந்தேவா? தெரிந்தே ஒரு நாள் முழுக்கத் தரையில் கிடந்தானா?

"அக்கா வீட்டுலருந்து வந்த அன்னிக்கு எம்பொண்ணு கேட்டா மாமா. அப்பா பெரியப்பாவை ஏமாத்திட்டாரான்னு. அவரு பதில் சொல்லாம சட்டையை மாத்தப் போயிட்டாரு." அவள் குரல் உயரவே இல்லை. "அன்னிக்கு அத்தனை பேர் இருந்தாங்க. இன்னிக்கு வாசல்ல நின்னு என் ஒருத்திகிட்ட சொல்றீங்க."

"அவன் வந்ததும்..."

"அவருகிட்ட சொன்னா அவரு 'விடுங்கண்ணா'ன்னுதான் சொல்லுவாரு. அதுக்கு எதுக்கு சொல்லணும்?"

வீட்டுக்கு வந்ததும் அக்காவுக்குப் போன் போட்டார். அக்கா முழுசாகக் கேட்கக்கூட இல்லை. "அட, அதுக்கா இம்புட்டு? அன்னிக்கே எல்லாரும் மறந்துட்டாங்கடா" என்று சிரித்தாள். மறந்திருந்தால் அவளே அன்று ஏன் அவசரமாகப் பேச்சை மாற்றினாள்? அவர் பேசும்போது வீடு சிரிக்கிறது. அவர் தப்பு செய்தால் வீடு மறந்து போகிறது. மூத்த மகனுக்கு எப்போதும் கிடைத்துவந்த சலுகை. போனை வைத்த பிறகுதான் அது உறைத்தது.

அக்காவின் கணவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது மறுபடியும் எல்லாரும் கூடினார்கள். புது டயர்கள் போட்டாகிவிட்டது. வண்டி முனகாமல் போய்ச் சேர்ந்தது. வழியெல்லாம் அவர் சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். அலுவலகத்தில் மற்றவர்களின் பொய்யை அறை நிறைய ஆட்களுக்கு நடுவே படித்துக் காட்டியிருக்கிறார். இப்போதோ முதல் வரியைத் தாண்ட முடியாமல் திரும்பத் திரும்ப ஆரம்பித்தார்.

சாப்பாடு பாதியில் இருக்கும்போது எழுந்து நின்றார். எச்சில் கையோடு எழுந்துவிட்டோம் என்பது எழுந்த பிறகுதான் தெரிந்தது.

"ஒரு விஷயம் சொல்லணும். வண்டியில சத்தம் வந்துச்சுல்ல, அது..."

"மறுபடியும் ஏரோப்ளேனா?" என்று அத்தான் சிரித்தார். இரண்டு மூன்று பேர் கூடச் சிரித்தார்கள்.

"இல்ல அத்தான். வண்டி நல்ல வண்டி. நான் போட்ட டயர்தான் சத்தம் போட்டுச்சு. அது பழைய டயர். புதுசுன்னு வீட்டுலயும் பொய் சொன்னேன், தம்பிகிட்டயும் பொய் சொன்னேன். அவன் ஏமாத்தல. இங்க உக்காந்து நான்தான் அவன் மேல பழி போட்டேன்."

"சரி சரி விடுப்பா, வண்டின்னா ஆயிரம் இருக்கும். உக்காரு, சாப்பிடு" என்றார் அத்தான்.

"தப்பு என்னோடது" என்றார் அண்ணன் மறுபடியும். அவருடைய குரல் அவருக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. காய்ந்துகொண்டிருந்த கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தம்பியின் மகள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். தம்பியின் மனைவி பார்க்கவில்லை. மகளின் தட்டில் சோற்றைப் பிசைந்து வைத்தாள். தம்பி மட்டும் எழுந்து, கையைக் கழுவிவிட்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டான்.

அண்ணனும் பின்னாலேயே போனார். தம்பி மதில் ஓரமாக, அவருடைய காருக்குப் பக்கத்தில் நின்றிருந்தான்.

"என்னடா, நான் சொன்னது பிடிக்கலையா?"

"நீங்க சொன்னது சரிதான். எனக்குத்தான் அங்க உக்காந்து கேக்க முடியல." புது டயரைக் குனிந்து தொட்டுவிட்டு, "நான் அன்னிக்கே டயர்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?" என்று கேட்டான்.

அண்ணன் யோசித்தார். நம்பியிருப்பேன் என்று சொல்ல நாக்கு எழுந்தது. அடக்கிக்கொண்டார். "இல்ல. தப்பிக்கப் பாக்கறேன்னு சொல்லியிருப்பேன்."

"அதான்."

"உன் பொண்டாட்டி சொன்னா. நான் கஷ்டப்படக் கூடாதுன்னுதான் நீ வாயைத் திறக்கலன்னு."

தம்பி தலையை ஆட்டினான். முகம் சிவந்துவிட்டது. "அவ அப்படி நெனச்சிட்டிருக்கா. நானும் அவளை நெனைக்க விட்டுட்டேன். நெஜம் அது இல்லண்ணா. எனக்கு அவ்வளவு கோபம். இவரு பேச்சுப்படியே எல்லாத்தையும் மாத்திடுவோம், எல்லாம் முடிஞ்சப்புறம் சத்தம் திரும்ப வரட்டும், அப்ப இவரு மூஞ்சி எப்படி இருக்குன்னு பாக்கணும்னு நெனச்சேன். அதுக்காகத்தான் நாள் பூரா அடிச்சேன்."

"பாத்தேன்" என்றான் தம்பி. "நீங்க ரேடியோவைப் போட்டீங்க. சத்தத்தைக் கூட்டினீங்க. ஏன்டா பாத்தோம்னு ஆயிடுச்சு. பஸ்ல போகும்போது எனக்கே என்னை நெனச்சா ஒரு மாதிரி இருந்துச்சு."

"நான் தொடங்கினதுதானேடா."

"தொடங்கினது நீங்கதான். அதை யாரு இல்லன்னா? சின்ன வயசுலருந்தே நீங்கதான் தொடங்குவீங்க. நாலு பேர் இருந்தா போதும், என்னை வெச்சு ஒரு சிரிப்பு. நானும் சிரிச்சுத் தொலைப்பேன்." அவன் குரல் முதல் முறையாக உயர்ந்தது. பள்ளிக்கூடத்துக் காலத்தில் நடந்தது, கல்யாணப் பேச்சின்போது நடந்தது, அண்ணன் எப்போதோ சொல்லி மறந்துபோன விளையாட்டுப் பேச்சுகள், ஒவ்வொன்றாக வெளியே வந்தன. சிலவற்றுக்கு அண்ணனிடம் பதில் இருந்தது. சிலவற்றில் ஓட்டைகூடத் தெரிந்தது. அப்படி நடக்கவே இல்லை, இவன்தான் மாற்றி நினைத்துக்கொண்டிருக்கிறான் என்று தோன்றியது. அவர் ஒன்றையும் மறுக்கவில்லை. கேட்டுக்கொண்டே நின்றார். வலது கையில் சோறு காய்ந்து விரல்களை இழுத்துப் பிடித்தது.

தம்பி சொல்லி முடித்தபோது அவனுக்கு மூச்சு வாங்கியது. இருவருக்குமே ஒருவரையொருவர் பார்க்கக் கூச்சமாக இருந்தது. உள்ளேயிருந்து அக்கா, "ரெண்டு பேரும் எங்கடா போய்த் தொலைஞ்சீங்க? சோறு ஆறுது!" என்று கூப்பிட்டாள்.

"நீங்க போங்கண்ணா."

"நீ முன்ன போ. நான் கையைக் கழுவிட்டு வர்றேன்."

தம்பி போனான். அண்ணன் வாசல் குழாயைத் திறந்து கையை நீட்டினார். காய்ந்த சோறு லேசில் போகவில்லை. தேய்த்துத் தேய்த்து வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தார்.